அப்பா வேண்டாம் என்ற பரிசோதனை

அந்த அறைச் சுவரில் சிறுநீரகத்தின் பெரிய வண்ணப்படம் ஒன்று மாட்டியிருந்தது. மேசை மேல் பாதி குடித்து ஆறிப்போன தேநீர். அதன் ஆடை மீது மின்விசிறிக் காற்று சின்னச் சின்னச் சுருக்கமாக விழுந்துகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் ஃபைலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அவர் பெயர் மல்லிகா. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொள்ள வரும் குடும்பங்களைப் பரிசோதனை, படிவம், அனுமதி என்று கைபிடித்து நடத்திச் செல்வது அந்த மருத்துவமனையில் அவர் வேலை. எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவர். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க அம்மாவுக்கு இது ரெண்டாவது கல்யாணமா?”

நான் சிரித்துவிட்டேன். “இல்லையே. ஏன்?”

அவர் இரண்டு தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்தும் எண்ணுமாக வரிசைகள்.

“இந்த மார்க்கர்ஸ், அதாவது பரம்பரை அடையாளங்கள்ல, பாதி அம்மாகிட்டேருந்து வரும், பாதி அப்பாகிட்டேருந்து வரும். உங்க அம்மாவோட பாதி சரியா இருக்கு. அப்பாவோடது...”

அவருடைய பேனா முனை வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. எந்த இடத்திலும் நிற்கவில்லை.

“லேப்ல சாம்பிள் மாறியிருக்கும்” என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்தாச்சு மேடம்.”

வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அது என் எண்ணாக இருந்தால் எழுந்து போய்விடலாமே என்று தோன்றியது. என் எண் இல்லை.

அப்பா

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கதையைச் சொல்லிவருகிறேன். அப்பாவைப் பற்றி எழுதிய இடங்களைப் படித்துவிட்டு, “உங்க அப்பா எங்களுக்கும் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்தபோது குற்றவுணர்வு வந்தது. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல்தான் அவரை இதுவரை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவது அவர் அனுமதியோடு. “எழுதறதுன்னா முழுசா எழுது” என்று சொன்னவரே அவர்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: அப்பாவின் பெயர் தேவசகாயம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிய மோட்டார்மேன். ஓய்வுபெற்ற பிறகு அம்மாவோடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலைக்குப் பின்னால் கட்டிய சிறிய வீட்டில் இருக்கிறார். நான் அவர்களுக்கு ஒரே பெண். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராக வேலை. சேலையூரில் கணவர் பிரபு, மகள் நிஷாவோடு குடியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பல வருடமாக இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். ஒரு மழைக்காலத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. அது வடிவதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டதென்று மருத்துவர் சொன்னார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வெளியே வரும்போது, பிழிந்து கொடியில் போட்ட துணி மாதிரி இருப்பார்.

முதலில் அம்மா கொடுக்க முன்வந்தாள். எல்லாப் பரிசோதனையும் நடந்தது. அம்மாவுக்கே தெரியாமல் அவள் உடம்பில் சர்க்கரை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

“வேணாம்” என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவ்வளவு உறுதியாக அவர் என்னிடம் எதையும் மறுத்ததில்லை. “என் பொண்ணு ஒடம்புல கத்தி வெச்சு நான் பொழைக்கணுமா? டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேச்ச விடு.”

எங்கள் சர்ச் சபையில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். பெண் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் ரத்த மாதிரி ஏற்கெனவே மருத்துவமனையில் பதிவாகி இருந்தது. என்னுடையதை மட்டும் கொடுத்தால் போதும். ஒரு வியாழக்கிழமை, கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொருந்தியது என்று தாளைக் கொண்டுபோய் நீட்டினால் மனிதர் என்ன செய்வார் பார்ப்போம் என்று எனக்குள் ஒரு விளையாட்டுத் திமிர் இருந்தது.

ஜாடை

நம் ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்தால் முதல் கேள்வி, யார் ஜாடை என்பதுதான். யாரும் தப்பாகக் கேட்பதில்லை. பொழுது போகக் கேட்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபைப் பெண்கள் என் முகவாயைப் பிடித்துத் திருப்புவார்கள். “மூக்கு அம்மா. நெத்தி யாரு?” அம்மா உடனே, “எங்க அண்ணன் நெத்தி” என்று சொல்லிவிடுவாள். அந்த மாமா சிறுவயதிலேயே இறந்துபோனவர். அவருக்குப் புகைப்படமும் இல்லை. என் இடது கைப் பழக்கமும் அந்த மாமாவிடமிருந்து வந்ததென்றே கேட்டு வளர்ந்தேன்.

அப்பா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். செருப்பைத் தேடுவது போல் அப்பால் போய்விடுவார். ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு பெரியவர், “பாப்பா நடையப் பாரு, அப்படியே தேவசகாயம்” என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றார். மார்க்கெட்டில் நிறுத்தி, கேட்காமலே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

மூன்று நாள்

மல்லிகாவின் அறையிலிருந்து வந்த பிறகு நான் கடைக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு வேளச்சேரிச் சாலையில் போய், பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். தண்ணீரில் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. குப்பை எரிகிற நாற்றம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அம்மா மேல்.

அம்மாவோடு என் பாதி பொருந்துகிறது. அப்பாவோடு எதுவும் இல்லை. இதற்கு வளர்ந்த ஒரு பெண் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாளோ அதைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். அப்பா வேலைக்குப் போயிருந்த நேரங்கள், குவார்ட்டர்ஸுக்கு வந்துபோன முகங்கள் என்று ஒவ்வொன்றாக நினைவிலிருந்து இழுத்து விசாரித்தேன். மூன்று நாள் அப்படிப் போனது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிரபுவிடம் சொன்னேன். அவர் மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணியை எல்லாம் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். நானும் மடித்தேன். அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நான்காம் நாள் அப்பா டயாலிசிஸில் படுத்திருந்த நேரம் பார்த்து இரும்புலியூர் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தாளை அவள் முன்னால் வைத்து, கேட்கக் கூடாத விதத்தில் கேட்டேன்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னையப் பத்தி அப்படியா நெனச்ச?”

“வேற எப்படி நெனைக்கறது? சொல்லு.”

கையிலிருந்த கீரைக் காம்பை முறமோரத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள். நடுவில் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. முப்பத்தொன்பது வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு போல இருந்தது.

கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. மயிலாப்பூர் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். குறை அப்பாவிடம். மருந்தால் ஆகாது என்று தெரிந்ததும், வேறொருவருடைய விந்தணுவை வைத்துக் கருத்தரிக்கச் செய்யலாம் என்று அந்த அம்மா சொன்னார். கொடுப்பவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. மருத்துவம் படிக்கிற பையன், உங்கள் வீட்டுக்காரர் ரத்தப் பிரிவே என்று மட்டும் சொன்னாராம்.

“உங்கப்பா ஒரு வாரம் பேசல. அப்புறம் அவரேதான் சரின்னார். மூணாவது தடவ நீ நின்ன. டாக்டரம்மா, வீட்டுக்குப் போங்க, இத மறந்துடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. நாங்களும் அப்படியே செஞ்சோம்.”

“எனக்கு முப்பத்தொன்பது வயசுமா. ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலையா?”

“தோணாத நாள் இல்ல. உன் பர்த்டே வந்தா தோணும். கேக் வெட்டற அன்னிக்கு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு விட்ருவேன். அடுத்த வாரம் நீ சிரிச்சிகிட்டு நிப்ப.”

நான் தாளை எடுத்து மடித்தேன். அப்போதுதான் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பாப்பா, இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு உங்கப்பாவோடதையும் சேத்துக் கலந்துதான் வெச்சாங்க. அப்பல்லாம் அப்படிச் செய்வாங்களாம். யாரோடது நின்னுதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும், நீங்க உங்களுதுன்னே நெனச்சிக்கலாம்னு டாக்டரம்மா அவர்கிட்ட சொன்னாங்க. அவர் அதையேதான் புடிச்சிகிட்டிருக்கார். இன்னிக்கு வரைக்கும்.”

மடித்த தாளை மறுபடி பிரித்தேன்.

“அதனாலதான் டெஸ்ட்டு வேணாம்னாரா?”

அம்மா தலையசைத்தாள். “அவர்கிட்ட சொல்லிடாத. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்.”

எந்தக் கையால் எழுதுகிறார்?

அடுத்த மூன்று வாரம் நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன், அப்பா வருவார், அம்மா பையைக் கொண்டுவந்து கொடுப்பாள். நான் கண்ணாடியைச் சரிசெய்வது போல் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் நேர்த்தியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி பார்த்துத் தலை வாருவதை நிறுத்தினேன். நிஷா பிறந்தபோது மருத்துவமனைப் படிவத்தில் தந்தை வழியில் ரத்த அழுத்தம் உண்டு என்று நான் எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் உடம்பில் பாதியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் கற்பனை.

பிறகு தேட ஆரம்பித்தேன். மயிலாப்பூரில் அந்த மருத்துவமனை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடு நிற்கிறது. டாக்டரம்மா இறந்து வெகுகாலமாயிற்று என்று பக்கத்து மருந்துக் கடைக்காரர் சொன்னார். பழைய பதிவேடுகள் எதுவும் எங்கும் இல்லை. அந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

ஆனால் மனசு கேட்கவில்லை. மருத்துவம் படித்த பையனுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். இந்தச் சென்னையில்தான் எங்கோ இருக்க வேண்டும். கடைக்கு அந்த வயதில் யார் வந்தாலும், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்தேன். ஒருவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். “சார் டாக்டரா?” என்று கேட்டுவிட்டேன்.

“வண்டலூர்ல மளிகைக் கடைம்மா” என்றார் அவர். “ஏம்மா, கண்ணுல ஏதாவது கோளாறா?”

அப்பாவின் சிறுநீரக மருத்துவருக்கும் அதே வயதுதான். அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, நான் அவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை. ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வெளியே வந்ததும் ஒன்று புரிந்தது. ஊரிலுள்ள கிழவர்களை எல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டு மீதி ஆயுளைக் கழிக்க முடியாது.

மல்லிகாவைப் போய்ப் பார்த்தேன். “எனக்குக் குடுக்கணும்னுதான் இருக்கு. வழி உண்டா?” என்றேன்.

“உண்டு மேடம். பிளட் குரூப் ஒத்துப்போகுது. புருஷன் பொண்டாட்டி குடுத்துக்கறாங்க இல்லையா, அந்த மாதிரி. கல்யாணத்துக்குள்ள பொறந்ததால சட்டப்படி நீங்க அவர் பொண்ணுதான். ஆனா இந்த ரிப்போர்ட்ட மறைக்க முடியாது. அனுமதிக் குழு ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேக்கும்.”

அதாவது, கொடுக்க வேண்டுமானால் அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இருக்க வேண்டுமானால் அவர் அந்த இயந்திரத்தோடே இருக்க வேண்டும். அப்பாவின் ஆயுளா, அப்பாவின் நம்பிக்கையா? இதை முடிவு செய்ய நான் யார் என்று பல நாள் யோசித்தேன். அந்த வேலையை அவரே எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஒண்ணு கூடவா?

ஒரு காலை. பாலத்தடியில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

“மூணு வாரமா நீ வீட்டுக்குள்ள வரல” என்றார்.

“வேலைப்பா.”

“உங்கம்மா குழாயைத் தொறந்து வுட்டுட்டு அழறா. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிகிட்டா.” சற்றுப் பொறுத்து, “டெஸ்ட் எடுத்துட்டியா?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

“எடுத்துட்டேன்பா.”

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எடுத்தேன்.

“சொல்லு” என்றார்.

“எதுவும் ஒத்துப்போகலப்பா.”

“ஒண்ணு கூடவா?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தேர்வு முடிவு ஒட்டியிருக்கிற பலகையில் தன் எண்ணைத் தேடுகிற பிள்ளையின் குரல்.

“இல்லப்பா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், “ஏசியைக் கொறை, குளுருது” என்றார். மருத்துவமனை வாசலில் நான் கதவைத் திறக்கும் முன் அவரே இறங்கினார். பையை எடுத்துக்கொண்டார். குனிந்து என்னைப் பார்த்து, “நான் வேணாம்னு சொன்னேன்ல?” என்றார்.

அதன் பிறகு பத்து நாள் அவர் என் காரில் ஏறவில்லை.

தானம்

அவருக்கு அடுத்த படுக்கையில் டயாலிசிஸ் எடுப்பவர் ஆறுமுகம் அண்ணன், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தப் பத்து நாளும் அப்பா அவரோடு ஷேர் போட்டு ஆட்டோவில் போய்வந்தார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரியாது. பெண் கொடுக்கத் தயார், அப்பா வேண்டாம் என்கிறார் என்ற அளவில்தான் தெரியும்.

நான் உள்ளே போய் நின்ற அன்று அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“வாம்மா. இன்னா சார் நீ, பொண்ணு தானா வந்து குடுக்குறன்னுது, வாங்கிக்கினு போவியா, சும்மா பேஜார் பண்ணிக்கினு கீற. எனக்கு ரெண்டு பசங்க கீறானுங்க. போன் போட்டாகூட எடுக்க மாட்டன்றானுங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாகப் பேசினேன்.

“என் மேல கோவமா?”

“கோவம் இல்ல.” கண்ணைத் திறக்கவில்லை. “மக குடுத்தா வாங்கிக்கலாம். அதுல கூச்சம் இல்ல. இப்ப வாங்கினா அது தானம்மா. யாரோ ஒரு வீட்டுப் புள்ளைகிட்ட நான் எப்படி...”

யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அந்த வார்த்தையில் எனக்குள் ஏதோ அறுந்தது. இடம் பொருள் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

“தானம் வாங்கித்தானேப்பா என்னப் பெத்தீங்க? அன்னிக்கு முகம் தெரியாதவங்ககிட்ட வாங்கிக்க முடிஞ்சுது. இன்னிக்கு எங்கிட்ட வாங்கிக்க மட்டும் கூச்சமா?”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நர்ஸ் எங்களைப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறந்து மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்து கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள ஒரு கை ஊசியில் இருந்தது, மறு கையில் பிரஷர் பட்டை. நான்தான் துப்பட்டா முனையால் துடைத்தேன்.

“என்னோடதாவும் இருக்கலாம்னு நான் ஏன் அந்த ஒண்ணைப் புடிச்சிகிட்டிருந்தேன் தெரியுமா?” என்றார். “நீ என் பொண்ணுன்றதுல எனக்கு எப்பவும் சந்தேகம் வந்ததில்ல. நான் உனக்கு அப்பன்தானான்னுதான் சந்தேகம். என்னிக்காவது உனக்குத் தெரிஞ்சு, நீ யாரு என்னக் கேக்கறதுக்குன்னு கேட்டுட்டா? அதுக்கு ஒரு பதில் வேணும்ல? அதுக்காக வெச்சிருந்தேன்.”

“நான் அப்படிக் கேப்பேனாப்பா?”

“கேக்க மாட்ட. ஆனா பயம் இருக்கும்ல.”

இயந்திரம் ஒருமுறை கூவி நின்றது. நர்ஸ் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனாள். ஆறுமுகம் அண்ணன் தூங்குவது போல் படுத்திருந்தார்.

“அந்த ஃபார்ம் எங்க?” என்றார் அப்பா.

குழுவின் முன்னால்

அனுமதிக் குழுவில் நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். முதலில் தனித்தனியாகக் கேட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் தருவதாகச் சொன்னார்களா, அறுவைச் சிகிச்சையின் ஆபத்து தெரியுமா. பிறகு அம்மா உட்பட மூவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி அறிக்கையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும் மேடம்.”

“அப்ப இவங்க உங்களுக்கு என்ன உறவு?”

“மக.”

“அதுக்குச் சான்று காட்டணும் சார். பர்த் சர்டிபிகேட் இருக்கு, பாத்துட்டோம். வேற ஏதாவது?”

அப்பா பையைத் திறந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். என் ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டு. அது அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

“இதுல மேத்ஸ்ல முப்பத்தெட்டு மார்க் இருக்கும் பாருங்க. கீழ பேரன்ட் சைன்னு என் கையெழுத்து. அது நான் போட்டதில்ல, இவளே போட்டுகிட்டா. நான் கண்டுபுடிச்சு, கேக்காமலே எடுத்து வெச்சிட்டேன். என் பொண்ணா இல்லாதவ எதுக்கு மேடம் என் கையெழுத்த போடணும்?”

மேசைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அதிகாரி அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, “நல்லாதான் போட்டிருக்கீங்க” என்றார்.

இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது.

எங்கள் வீட்டு ஜெபம்

அறுவைச் சிகிச்சை பற்றி எழுத அதிகமில்லை. மயக்கம் தெளிந்தபோது எனக்கு இடுப்பில் தீப்பிடித்த மாதிரி வலி. அப்பாவுக்குச் சிறுநீர் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று மல்லிகா வந்து சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா மேல் கோபம் முழுதும் போய்விட்டதா என்றால், இல்லை. நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வந்து நிற்கும். அவளுக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் ஒன்றும் பேசாமல் எழுந்து காபி போடப் போவாள். இப்படியே போகட்டும் என்று விட்டிருக்கிறோம்.

நிஷாவிடம் மட்டும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். நான் சொல்கிறேன் என்றேன். அப்பா, தானே சொல்வதாகச் சொன்னார். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, முகக்கவசம் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மயிலாப்பூரிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். பதினான்கு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வாரோ என்று எனக்கு உதறல். அவர் ரயில் நின்ற ஸ்டேஷன்களைச் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார்.

நிஷா முழுவதையும் கேட்டாள். “அப்போ அந்த இன்னொரு தாத்தா இருக்காரா, செத்துட்டாரா?” என்று கேட்டாள்.

அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பா யோசித்தார்.

“தெரியல கண்ணு” என்றார். “இருந்தா அவருக்கும் என்ன மாதிரி வயசாயிருக்கும்.”

பிறகு, இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஜெபம் செய்யலாம் என்றார். நாங்கள் கண்ணை மூடினோம். அப்பா பெயர் சொல்லி ஜெபிக்கிறவர். அம்மா, நான், பிரபு, நிஷா, இன்னும் காத்திருக்கிற ஆறுமுகம், மல்லிகா மேடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முடித்துவிட்டார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை.

“அப்புறம் ஆண்டவரே,” என்றார், “அந்த மனுஷனுக்காகவும் கேக்கறேன். பேர் தெரியாது. உமக்குத் தெரியும். அவரும் இப்ப முதுமையில இருப்பார். முட்டி வலி இருக்கும். புள்ளைங்க பக்கத்துல இருக்காங்களோ இல்லையோ. அவர நல்லா வெச்சுக்கும். எங்க வீட்ல அவருக்கு நன்றி சொல்றாங்கன்னு எப்படியாவது அவருக்குத் தெரியப்படுத்தும்.”

நாங்கள் ஆமென் சொன்னோம். அம்மாதான் கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள். ஆனால் சத்தமாகச் சொன்னாள்.